அக்கா வண்டிக்குப் போட்ட பழைய கேஸ்கெட்

பணிமனைகள் நிறைந்த அந்தத் தெருவில் 'சைலன்சர்' என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே பின்மண்டை வழுக்கையானவர். எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் குழாய்கள், புகையின் விஷத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர், சத்தத்தை அடக்கும் சைலன்சர், கடைசியில் பின்பக்கக் குழாய் வரை எல்லாம் அவர் ராஜ்ஜியம்.

வருகிறவர்களிடம் அலுக்காமல் சொல்வார்: "பக்கத்துக் கடைக்கே வண்டி ஓட்டினீங்கன்னா குழாய் சூடேறாது. உள்ள தண்ணி தங்கித் துருப்பிடிச்சிடும். பின்னாடி ஓட்டை விழுந்தா சத்தம் கேட்டுத் தெருவே சொல்லிடும், பயமில்ல. எஞ்சின் பக்கத்து இணைப்பு கசிஞ்சாத்தான் வம்பு. அதுல வர்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உங்ககூடவே உள்ள உக்காந்து சவாரி வரும்."

அதனால் அந்த இணைப்பைக் கழற்றினால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசுதான் போடுவார். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி சரியாக அடைக்காது. எந்த வண்டிக்கும் இந்த விதியை அவர் மீறியதில்லை, அக்கா வண்டியைத் தவிர.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் அவர் அக்கா. மழைக்காலத்தில், கடை சாத்தும் நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்தாள். குழாயை மாற்றியாயிற்று, புது கேஸ்கெட் மட்டும் கைவசம் இல்லை. பழையதையே துடைத்துப் போட்டு இறுக்கினார். நம்ம அக்கா வண்டிதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

இப்போது குளிர்காலம். மதியம் அக்கா அவருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தலை பாரமா இருக்குடா. மூக்குக்கண்ணாடி மாத்தியும் நிக்கல."

"உனக்கு வயசாகுதுன்னு ஒத்துக்க மாட்டியே."

"ஒத்துக்கிட்டேன்டா. நேத்து ஒருத்தருக்கு மருந்து குடுத்தேனா இல்லையான்னே மறந்துடுச்சு. நாளைக்கு எங்க சூப்பர்வைசர் மேடம்கிட்ட, இனி வெளி வேலை வேண்டாம், வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லப் போறேன். அந்த வேலை இல்லாம வீட்ல என்ன செய்வேன்னுதான் தெரியல."

அவர் சிரிக்க வாய் திறந்தார்.

"வேடிக்கை என்னன்னா, ஜன்னலைத் திறந்து ஓட்டினா தலை தெளிஞ்சிடுது."

அவர் கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

"சாவி குடு."

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, பின்பக்கக் குழாயைத் துணியால் பாதி அடைத்து, எஞ்சின் பக்கத்து இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். குபுகுபுவென்று நுரை பொங்கியது. சுற்றிலும் கரி படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே காரின் தரையில் ஒரு ரப்பர் அடைப்பும் கழன்று போயிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் காட்டாமல் மாற்றிவிட்டால் தலைவலி போய்விடும், அவளுக்கு ஒன்றும் தெரியவராது. ஆனால் நாளைக்கு வயசைக் காரணம் சொல்லி வேலையை விட்டுவிடுவாள். கண்ணாடி மாத்து என்றதும் அவர்தான். குற்றமெல்லாம் தன்னிடம் இருக்க, அவளைக் கிழவியாக்கிவிட்டோமே.

எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். "அக்கா, உனக்கு வயசாகல. புகை உள்ள வருது. அன்னிக்கு நான் பழைய கேஸ்கெட்டையே போட்டுட்டேன்."

"புதுசு இல்லையா?"

"இல்ல. உன் வண்டிதானேன்னு..."

அக்கா வண்டிப் பக்கம் திரும்பினாள். "இதே தலைவலியை ஒரு நோயாளி சொல்லியிருந்தா, வீட்ல அடுப்பு, ஹீட்டர் ஏதாவது கசியுதான்னு முதல்ல கேட்டிருப்பேன். தம்பி மாட்டின குழாயாச்சே, அந்தப் பக்கம் புத்தியே போகல."

"திட்டிடுக்கா."

"திட்டி என்னத்துக்கு? முதல்ல டாக்டரைப் பாக்கணும். நாளைக்கு மேடம்கிட்ட எதுவும் சொல்லப் போறதில்ல."

அவர் ஓடிப்போய்ப் புது கேஸ்கெட் வாங்கிவந்தார், தரையை அடைக்கும் ரப்பரும் சேர்த்து. வண்டியைத் தூக்கிக் கீழே நுழைந்தபோது ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா அதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புது கேஸ்கெட் உறையை என் கண் முன்னாடி பிரிடா."

எத்தனையோ தடவை வண்டியை விட்டுவிட்டு, முடிந்ததும் வந்து எடுத்துப் போயிருக்கிறாள். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது அன்றுதான் முதல் தடவை. அவர் கையை நீட்டி, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உறையைப் பிரித்தார்.