நாகஜோதியின் டேபிள் ஃபேன்

ஐம்பது. இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வையுங்கள், மற்றதை நாகஜோதியின் டேபிள் ஃபேன் சொல்லிவிடும். செக்கானூரணியிலிருந்து திருநகருக்கு ஸ்கூட்டரில் வரும்போது அது அவர் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறது. பச்சை இறக்கை, நசுங்கிய கம்பிக்கூடு. பெயர் மாப்ள. இன்வெர்ட்டர் பழுது என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் நாகஜோதி மீட்டரை எடுப்பதில்லை. மாப்ளையைச் செருகுவார், வலது காதைக் கூட்டின் பக்கம் சாய்ப்பார், கண்ணை மூடுவார்.

"மாப்ள என்ன சொல்றான்னு கேப்போம்."

பெட்டியில் ஒட்டியிருப்பதைக் கடைசியில்தான் படிப்பார். "ஸ்டிக்கரு ஓடாது. ஃபேனுதேன் ஓடும்."

விஷயம் இவ்வளவுதான். பேட்டரியின் கரண்டு ஒரே பக்கமாகப் போகும். ஃபேனுக்கு அது உதவாது. வினாடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்பும் கரண்டு வேண்டும். அப்படிப் போகவர வைத்து, பன்னிரண்டு வோல்ட்டை இருநூற்று முப்பதாக ஏற்றித் தருவது இன்வெர்ட்டர். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி தருவதில்லை. ஏன் என்று கேட்டால் நாகஜோதி கையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார்.

"பொருட்காட்சி ராட்டினத்துல ஏறிருக்கீகளா? ஏறுறதும் தெரியாது, எறங்குறதும் தெரியாது, வளைஞ்சு வரும். அது சைன் வேவு. அதே ராட்டினத்துல மேல இருக்கவனைப் பட்டுனு கீழ போட்டு, கீழ இருக்கவனைப் பட்டுனு மேல தூக்குனா? அதுதேன் ஸ்கொயர் வேவு. குண்டு பல்பு அதுலயும் எரியும், அதுக்கு ரோசம் கெடையாது. ஃபேனு வாந்தி எடுக்கும். நடுவுல ஒரு படி வச்சு எறக்கி விடுறவனும் இருக்கான். அதுல வாந்தி வராது. வயித்தப் பெரட்டும்."

போன மாதம் திருநகரில் பதினெட்டு வீடு கொண்ட குடியிருப்பு ஒன்று, எல்லா வீட்டுக்கும் ஒரே ரக இன்வெர்ட்டர் வாங்க முடிவு செய்தது. விற்க வந்தவர் சூரியபிரகாஷ், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். கொண்டுவந்த மூன்று பெட்டிகளில் ஒன்றின் மேல் 'ப்யூர் சைன்' என்று தங்க எழுத்து. எதை வாங்கலாம் என்று பார்க்க வரவழைக்கப்பட்டிருந்த நாகஜோதி, மாப்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சூரியபிரகாஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கரண்டைக் காதுல கேக்குற ஆளு நீங்கதாங்கக்கா. கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவீகளா?"

"கட்டு. மூணுல ஒண்ணு தப்பாச் சொன்னாலும் மாப்ளைய இங்கனயே விட்டுட்டுப் போறேன்."

செயலாளர் துளசிராம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்றும் சரியென்றால் பதினெட்டு வீட்டுப் பராமரிப்பும் நாகஜோதிக்கு. தப்பென்றால் சூரியபிரகாஷின் கம்பெனிக்கு. அழைப்பு வந்தால்தான் அடுப்பு என்றிருந்த நாகஜோதிக்கு அது வருடம் முழுக்க வேலை.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை, மாலை நான்கு வரை. பெட்டிகளை வாசலில் வைத்து, வீட்டில் மாட்டுவதுபோலவே பிளக்குகளைச் சுவரில் செருகினார்கள். துளசிராமின் மனைவி ராதாமணி சுங்குடித் துப்பட்டாவை எடுத்துவந்தார்.

"காதை விட்டுட்டுக் கட்டுங்கம்மா."

முதல் பெட்டி. மாப்ள 'ஙொய்ய்ய்' என்றான்.

"ஸ்கொயரு."

இரண்டாவதில் முனகினான். "படிக்கட்டு."

தங்க எழுத்து ஒட்டிய மூன்றாவதில் மாப்ள கோயில் யானை நடப்பதுபோல அலுங்காமல் ஓடினான். நாகஜோதி காதைக் கூட்டோடு ஒட்டிவைத்தார். ஒரு நிமிடம் போயிற்று.

"ப்யூர் சைனுன்னு சொல்லிட்டு எந்திரிங்கக்கா, சாப்பிடப் போவோம்" என்றார் சூரியபிரகாஷ்.

"சைனுதேன். ஆனா இது ஒன் பெட்டி இல்ல தம்பி. லைன் கரண்டு. வந்துருச்சு."

பதினெட்டு வீடும் சிரித்தது. துளசிராம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டுதாம்மா ஆகுது. நாலு மணிக்குத்தான் வரும்."

"ரெண்டு தெரு தள்ளி மிளகா மில்லுல மோட்டாரைப் போட்டுட்டாய்ங்க. மாப்ள ஒரு மூச்சு எறங்கி எந்திரிச்சான். பேட்டரிக்கு மில்லைத் தெரியுமா?"

லைன் கரண்டு வந்துவிட்டால் இன்வெர்ட்டர் ஒதுங்கிக்கொண்டு அதையே உள்ளே விடும். துளசிராமுக்கு அது அப்போதுதான் உறைத்தது. குனிந்து பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

டக். மாப்ள முனகினான்.

"படிக்கட்டு" என்றார் நாகஜோதி, கண்கட்டோடு.

ராதாமணி சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சூரியபிரகாஷ் தங்க எழுத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார். "கம்பெனியில ஒட்டி அனுப்புனதுங்கக்கா, எனக்கென்ன தெரியும்? ஆனா லைன் கரண்டுன்னு நீங்க சொன்னது குருட்டாம்போக்குதான். ஒத்துக்கங்க."

நாகஜோதி கட்டை அவிழ்த்தார். பையின் அடியில் கிடந்த மீட்டரை எடுத்துத் தூசி தட்டினார்.

"பெட்டிக்கு அம்பதுன்னா அம்பதுதேன், பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணவன் மாதிரி. லைன் கரண்டு ஊரோட சேந்து கூடும், கொறையும். அந்த ஏத்த எறக்கம் மாப்ள கொரல்ல கேக்கும்."

முனகிக்கொண்டிருந்த பெட்டியில் மீட்டரை வைத்தார். 50.00. துளசிராம் கையிலிருந்த பிளக்கை வாங்கி, மறுபடி சுவரில் செருகினார். மாப்ள வாயை மூடிக்கொண்டான். நாகஜோதி மீட்டரை சூரியபிரகாஷின் மூக்குக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

49.94.