நடைமேம்பாலத்தின் நாலாவது கால்

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. ஊரில் பாதிப் பேரின் இளிப்பு அவர் கைவேலைதான். யாராவது எதிரே வந்து சிரித்தால் ஆளைப் பார்க்கமாட்டார், மேல்வரிசையைப் பார்ப்பார். "இடது பக்கம் தூக்கலா இருக்கு பாரு, இது நம்ம கூடத்துப் பல்லு இல்ல" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்து, நாலு பேர் நடுவில் அவளிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

இந்த மனிதர் தன் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு ஸ்டேஷன் இல்லை. நகரத்தின் நடுவில், அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அதே பெரிய ஸ்டேஷன். கடையில் விற்கும் பொம்மைக் கட்டடங்களை வாங்கி ஒட்டிவிட்டுப் பெருமையடிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவருடைய தரை, பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர். கூரை, பித்தளைத் தகடு. டீக்கடைச் சுவரில் ஏறிய கரி, தண்டவாளங்களுக்கு நடுவே எண்ணெய்க் கறை, குழாயடியில் வழிந்த துரு, எல்லாம் பல்லுக்குச் சாயம் ஏற்றும் தூரிகையால் வந்தவை. "பகல்ல கறை தெரியாம பாத்துக்கிறேன், சாயந்திரம் வந்து கறை வைக்கிறேன்" என்பார்.

பயணிகள் விரல் கணு உயரத்துக்கு இருப்பார்கள். அவர்களில் நீலக் கைப்பை மாட்டிய ஒருத்தி அவர் மனைவி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துணிக்கடையில், வாங்கிய உடுப்பை ஆளுக்கேற்பப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. தினமும் நடைமேம்பாலம் ஏறித்தான் போய்வர வேண்டும். அதனால் அந்தப் பொம்மையைப் பாலத்தின் மேல் நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தார். பாலம் தயாரானதும் அதுதான் முதல் வேலை.

வினை அங்கேதான் வந்தது. பாலத்துக்கு நாலு கால். அளவெடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. நிஜப் பாலத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று, ஈயக் குண்டு கட்டிய நூலைக் கீழே விடுவார். குண்டு பிளாட்பாரத்தைத் தொட்டதும் கைப்பிடி மட்டத்தில் நூலில் ஒரு முடிச்சு. மூலைக்கு ஒரு நூல். வீட்டுக்கு வந்து அதைச் சுருக்கிக் கணக்குப் போட்டுக் காலை வெட்டுவார். வேறு யாராவது என்றால் நூலைக் கம்பியில் கட்டிவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். இவர் கட்டமாட்டார், விரலிலேயே பிடித்துக்கொள்வார். குண்டு தரை தொடுவது விரலுக்கே தெரியும் என்பார். பல் வார்க்கும் மெழுகில் மயிரிழை மேடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல், கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

பாலத்தை அலுங்காமல் தூக்கி வைத்தார். மூன்று கால் உட்கார்ந்தது. நாலாவது கால் தரையைத் தொடாமல் நின்றது. அவர் எழுந்து போய், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அறைக் கதவைத் தாழிட்டார்.

ஒரு துண்டுப் பித்தளைக்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். அவருடைய அப்பா முடி திருத்துகிறவர். சவரக்கத்தியில் பேர் வாங்கியவர். ஒருநாள் அப்பாவின் வலது கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்தது. அப்பா அந்தக் கையைப் பைக்குள் ஒளித்தார். பைக்குள்ளேயும் அது தட்டுவது துணிக்கு வெளியே தெரிந்தது. அப்புறம் விரலிலிருந்து கைக்கு ஏறியது. முகத்தில் நுரையோடு எழுந்து ஓடிப்போன ஒரு வாடிக்கைக்காரரைப் பற்றித் தெருவே வயிறு குலுங்கச் சிரித்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டியது இவர்தான்.

இப்போது தன் கட்டைவிரலும் தான் பார்க்காதபோது தட்டுகிறதோ என்று சில மாதங்களாக அவருக்கு ஒரு சந்தேகம். திரும்பிப் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். வேலை செய்யும்போதும் வம்பில்லை. ஆனாலும் தெருவில் நடக்கும்போது வலது கையைப் பைக்குள் விட்டுக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. அந்தக் கை போனால் கூடத்து வேலை போகும், ஸ்டேஷன் போகும், அப்புறம் இவருக்கு யார் ஊட்டுவது? இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவியிடம் சண்டை பிடிப்பதோடு சரி.

"டம்ளர்ல முக்கால்தான் இருக்கு. பால் தீந்துபோச்சா?"

"குடிங்க, வேணும்னா இன்னொரு தடவ ஊத்துறேன்."

அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை. கொஞ்ச நாளாக அதற்கும் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துக் கோத்துக்கொள்கிறாள். என்ன கோபமோ என்று இவரும் கேட்கவில்லை.

நாலாவது காலை நுண்ணளவுக் கருவியில் வைத்துப் பார்த்தார். நூலில் இருந்த கணக்கேதான், இம்மி பிசகவில்லை. அப்படியானால் வெட்டிய கை சரி. கை சரி என்றால் பாலம்தான் சரியில்லை. நிஜப் பாலம் அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நூலில் முடிச்சுப் போட்டதும் இதே கைதான் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பாலத்தில்தான் தன் மனைவி தினமும் நடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்டேஷன் அதிகாரியிடம் போக வேண்டும், அதற்குமுன் இன்னொரு தடவை அளக்க வேண்டும். அளந்தால் தெரிந்துவிடும். அதனால் காலையில் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷத்தில் சொல்லாத வார்த்தை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே எடுத்தாள். "இன்னிக்குப் பாலத்துல என்ன கூட்டம் தெரியுமா? ரெண்டு வண்டி ஒண்ணா வந்துடுச்சு. நிக்கவே முடியல, கீழ சரக்கு வண்டி போறப்ப பாலமே ஆடுச்சு."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பாலம் இறங்கியிருக்கட்டும், இறங்கியிருக்கட்டும் என்று இத்தனை நாளாக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். யார் தலையில் இறங்கட்டும் என்று வேண்டினார்? தன்னைப் பார்த்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் கூடத்திலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனார். வேலை விட்டு வருகிற கூட்டம். எல்லோரும் இடித்துக்கொண்டு போக, நாலாவது மூலையில் கைப்பிடியோடு ஒட்டி நின்று நூலைக் கீழே விட்டார். குண்டு தரையைத் தொடப் போகிற நேரத்தில் ஆட ஆரம்பித்தது. வண்டி ஏதும் வரவில்லை, காற்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் அடங்கியது போல் இருந்து, மறுபடி பிடித்துக்கொண்டு ஆடியது. தரையைத் தட்டித் தட்டி எழும்பியது. கீழே பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, "தாத்தா, என்ன மீன் பிடிக்கிறீங்களா?" என்றார்.

அவர் நூலைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினார். கட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. பிறகு கையை எடுத்தார். குண்டு இரண்டு சுற்றுச் சுற்றி, அப்படியே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தரையைத் தொட வைத்து, முடிச்சுப் போட்டு, மற்ற மூன்று நூல்களையும் பையிலிருந்து எடுத்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். நாலும் ஒன்றுதான். பாலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா நுரைக் கிண்ணத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. கூட்டத்தில் யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நீலக் கைப்பை.

"இங்க என்ன பண்றீங்க?"

"பாலத்த அளந்தேன். நல்லாத்தான் இருக்கு" என்றார். "நீ பயமில்லாம நடக்கலாம்."

அவள் நூலைப் பார்த்தாள். அவருடைய வலது கை பைக்குள் போயிருந்தது. அவள் அந்தக் கையை வெளியே எடுத்தாள், இத்தனை பேர் பார்க்க.

"டீ தளும்பிச் சட்டைல ஊத்திக்கிட்டீங்களே, அன்னிக்கே பாத்தேன்" என்றாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊசியக் குடுத்து உங்க கையச் சோதிக்க எனக்கு மனசு வரல."

"அப்பாவுக்கு வந்த மாதிரி..."

"இருந்தா இருக்கட்டும். நாளைக்கு டாக்டரப் பாக்கறோம். நான் போன வாரமே லீவு கேட்டு வச்சிருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னார்.

"எனக்கும்தான்" என்றாள் அவள். "நடங்க, கூட்டம் தள்ளுது."

கம்பியில் கட்டிய நூலை அவிழ்த்துச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் படியிறங்கினார்கள். அவருடைய கட்டைவிரல் அவள் உள்ளங்கைக்குள் தட்டிக்கொண்டே வந்தது. அவள் விடவில்லை.