ஹால்ஷ்டாட் ஏரியும் எங்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கும்

ஷார்ஜா ரோலாவில் குடியிருக்கும் எங்களுக்கு லீவு என்றால் நாகர்கோவில்தான். இந்த ஜூனில், "ஒரு தடவையாவது குளிரப் பாக்கணும்" என்று அடம்பிடித்தாள் என் மனைவி ஜெசி. அவள் நர்ஸ். அப்படித்தான் ஆஸ்திரியா. கடைசி நாள் ஹால்ஷ்டாட். அன்றிரவு வியன்னாவில் விமானம், நள்ளிரவோடு விசாவும் முடிகிறது.

ரயில் நிலையம் ஒரு கரை, ஊர் எதிர்க்கரை. படகில் பத்து நிமிடம், ஆளுக்கு இரண்டு யூரோ. மலை செங்குத்தாக ஏரியில் இறங்க, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன மரவீடுகள். மேலே மாதா கோயிலருகே ஓர் அறை நிறைய மண்டையோடுகள், நெற்றியில் பூவும் பெயரும் வரைந்து. கல்லறையில் இடமில்லாமல் தோண்டியெடுத்து அடுக்கியவையாம். "செத்த பொறவும் பெட் ஸ்பேஸ்தானா?" என்று, ஷார்ஜாவில் ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக் கிடப்பவர்களை நினைத்து ஜெசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்ப நாலு மணிப் படகு என்று காலையிலேயே பலகையில் பார்த்து வைத்திருந்தேன். மூன்றரைக்கு படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

"ஏங்க, ஒரு கடையும் தொறக்கலியே?"

"மத்தியானத் தூக்கமா இருக்கும்."

"இது என்ன ஷார்ஜாவா?" என்றவள் சட்டென்று எழுந்தாள். "அய்யோ, இன்னைக்கு ஞாயிறுல்லா!"

காலையில் பலகையை எடுத்த படத்தை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுப் பூசையைக்கூட வெள்ளியன்றே முடித்துவிடுவோம். ஞாயிறு என்றால் டியூட்டி நாள். அந்தப் பழக்கத்தில் வேலைநாள் நேரத்தைப் பார்த்திருக்கிறேன், முட்டாள். ஞாயிறன்று நாலு மணிப் படகே கிடையாது. எங்கள் ரயிலைப் பிடிக்கும் கடைசிப் படகு அதோ, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியோடு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

"ஸதீக்! ஸதீக்!" என்று கத்தினாள் ஜெசி. வளைகுடாவில் முகந்தெரியாத யாரையும் 'நண்பரே' என்று அப்படித்தான் கூப்பிடுவோம். படகுக்காரருக்கு என்ன புரிந்ததோ, எங்களையும் பெட்டியையும் பார்த்துவிட்டுப் படகைத் திரும்பக் கரைக்கு ஓட்டினார். ஏறிய பதற்றத்தில் நானும் நன்றியை அரபியிலேயே "ஷுக்ரன்" என்றேன். விமானம் கிடைத்தது.

போகிறவர்கள் பலகையில் முதலில் ஞாயிறு நேரத்தைப் பாருங்கள். சாப்பாடு கையோடு இருக்கட்டும், அன்று கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். விசாவின் கடைசி நாளில் ஊர் சுற்றவே வேண்டாம்.

அடுத்த வெள்ளி, ஷார்ஜாவில் எங்கள் கோயிலில் ஞாயிற்றுப் பூசை தொடங்கியது. ஜெசி முழங்கையால் இடித்தாள்.

"இன்னைக்கு என்ன கெழமை, சொல்லுங்க பாப்போம்."

வாய் வரை வந்த ஞாயிறை விழுங்கிவிட்டு, மொபைலை எடுத்துப் பார்த்தேன்.