அண்ணியின் பெரிய கொலுசு

அண்ணியின் கொலுசுகள் ஜோடி சேராதவை. வலது கால் கொலுசைவிட இடது கால் கொலுசு மூன்று விரற்கடை நீளம். யானைக்கால் நோயில் இடது கால் வீங்கியபோது, கூடுதலாகக் கண்ணிகள் கோத்து வரும்படி அண்ணனை ஆசாரியிடம் விரட்டினார். காலை மறைக்கப் புடவையைத் தரையில் புரளவிட்டு நடக்கிறவருக்குக் கொலுசு எதற்கு என்று கேட்டால், சத்தம் கேக்குதுல்ல, அது போதும் என்பார். அப்படியொரு வீம்பு!

நைனார்பாளையத்தில் எங்களுக்குக் கரும்பும் மரவள்ளியும். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊர்தான். பெண் அழைப்பின்போது அண்ணன் மனைவி விளக்கேந்தி முன்னால் நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணி முடியாது என்றுவிட்டார். ஊரே பொண்ணை விட்டுவிட்டுத் தன் காலைத்தான் பார்க்கும் என்றார். நானும் சளைத்தவளா?

"நீங்க வரலன்னா நான் மணையில குந்தமாட்டேன் அண்ணி."

அதற்காகத்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸம்மா, காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உயர வைத்துக்கொண்டு மெதுவாக மேல்நோக்கித் தடவச் சொன்னார். அதையும் தொடையிடுக்கில் ஆரம்பித்து, அப்புறம்தான் கீழே வரவேண்டுமாம். வீங்கினது பாதம், தடவுறது தொடையா என்று பஸ்ஸில் வரும்போதே அண்ணிக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெயை ஊற்றிப் பாதத்திலிருந்து அழுத்தி உருவினார். எங்கள் பக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு சுளுக்கெடுப்பதுபோல் உருவினால்தான் அதற்குப் பெயர் நீவுவது. கால் இன்னும் உப்பிவிட்டது. பெரிய கொலுசைக்கூடப் பூட்ட முடியவில்லை. திரும்பப் போய்க் கேட்கலாம் என்றால் போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. அன்றைக்கு அண்ணி கொலுசை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் வரப்பை உடைத்துக்கொண்டு வழிய, அண்ணன் மேல்மடையில் மண்ணை அள்ளி அணைத்துத் திண்டாடினார். அண்ணி விறுவிறுவென்று கடைமடைக்குப் போய், அங்கே அடைத்திருந்த காய்ந்த கரும்புச் சோகையை வாரி எறிந்தார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. அதையே பார்த்தபடி நின்றவர், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"கடையில அடைச்சிக்கினு இருக்கிறப்ப மேல தள்ளி இன்னா பிரயோசனம்? தொடைதான் கடைமடை. அந்த நர்ஸம்மா சரியாத்தான் சொல்லிக்கிறாங்க."

அப்புறம் எண்ணெயும் இல்லை, அழுத்தமும் இல்லை. முதலில் தொடையிடுக்கு, பிறகு தொடை, பிறகு முழங்கால், கடைசியில்தான் பாதம். தூங்குகிற குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார். எனக்குக் கல்யாணக் கனவெல்லாம் போச்சு, விடிந்தால் அண்ணியின் காலைப் பார்க்க ஓடுவேன். ஒருநாள் புறங்காலில் சுருக்கம் விழுந்திருந்தது. சுருக்கத்தைப் பார்த்துக் குதித்த பெண்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம்.

பெண் அழைப்பன்று வேன் வரவில்லை, எல்லோரும் நடந்தோம். அண்ணி விளக்கோடு முன்னால். பாதி வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இரண்டு பக்கமும் முள்வேலி, ஏறித்தான் கடக்க வேண்டும். அண்ணி விளக்கை அண்ணன் கையில் கொடுத்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகினார்.

"பாக்கறவங்க நல்லா பாத்துக்குங்க."

ஏறினார். பெரிய கொலுசு குதிகால்வரை நழுவி இறங்கி, மரத்தில் தட்டித் தட்டி அப்படியொரு சத்தம்! அந்தப் பக்கம் இறங்கியதும் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். பட்டுப்புடவையோடு நானும் ஏறினேன்.

அந்த நோய் முழுதாக விட்டுப்போகிற நோய் இல்லை. இன்றைக்கும் காலையில் தடவாமல் அண்ணி காப்பி குடிப்பதில்லை. கொலுசை அளவாக வெட்டித் தருகிறேன் என்று ஆசாரி சொன்னபோது, நழுவினாத்தான் எனக்கு நிம்மதி என்று மறுத்துவிட்டார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டி ஒரு ஆட்டு ஆட்டினார். கொலுசு சலங்கென்று குதிகாலுக்கு இறங்கியது.