பார்க்மோர் என்ற வயல்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நானும் கணவரும் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார மதாம் இருந்தார். எழுபது வயது. ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்து ஓய்வு பெற்றவர். குடும்பப் பெயர் ஐரிஷ் பெயர். ஆனால் ‘தாங்க் யூ’வைத் தாண்டி அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அவருடைய ஆட்கள் பிரெஞ்சுதான் கதைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை படியேறி வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். அயர்லாந்து முத்திரை.

“உனக்கு இங்கிலீஷ் தெரியும்தானே. வாசிச்சுச் சொல்லு.”

எழுதியவர் ஒரு விவசாயி. தான் பிறந்த இடத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். அது ஒரு கிராமம்கூட இல்லை. எட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு பழைய சுண்ணாம்புச் சூளை, கொஞ்ச வயல்கள். நாங்கள் குறிச்சி என்போமே, அவ்வளவுதான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளின் பெரும் பஞ்சத்தில் அங்கிருந்து ஒரு குடும்பம் கியூபெக்குக்குக் கப்பலேறியது. தாயும் தகப்பனும் வழியில் செத்துப்போன செய்தி மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தது. அவர்களுடைய மகனும் மகளும் என்னவானார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேவாலயப் பதிவேடுகளைத் தேடி, அதே குடும்பப் பெயருள்ள மதாமுக்கு எழுதியிருந்தார்.

“அந்த மகன் என்ர பூட்டனாத்தான் இருக்கவேணும்,” என்றார் மதாம். “தாய் தகப்பன் இல்லாமல் கப்பலால இறங்கினவராம். இங்க பக்கத்தில, லவாலில ஒரு பிரெஞ்சு விவசாயி தங்கச்சியையும் சேர்த்து வளர்த்தாராம். ஆனால் அதே ஆள்தான் எண்டு எப்படிச் சொல்லுறது?”

கடைசிப் பக்கத்தில் அந்தக் குறிச்சியின் வயல்களுடைய பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். ‘பார்க்மோர்’ என்றதும் என் கையைப் பிடித்தார்.

“திருப்பிச் சொல்லு.”

பூட்டன் பின்னாளில் லவாலில் வாங்கிய காணியின் பின்பக்கத்தை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். பிரெஞ்சுக் காதுக்கு அது ‘செத்த தோட்டம்’. யாரையோ அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று பயந்து, சின்ன வயதில் மதாமும் சகோதரர்களும் அந்தப் பக்கமே போனதில்லை.

“அந்த மனுசன் என்ன அர்த்தம் போட்டிருக்கிறார்?”

“ஐரிஷ் மொழியில பெரிய வயல். வேற ஒண்டுமில்லை.”

மதாம் கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு காலமும் ஒரு வயலுக்கு அதின்ர அளவைச் சொல்லியிருக்கினம், நான் பயந்திருக்கிறன்,” என்றார்.

அடுத்த நாள் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். நடுவில் நான். அந்த விவசாயியின் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவே நேரம் எடுத்தது. விசயத்தைச் சொன்னேன்.

“ரெண்டு பிள்ளைகளுமா தப்பினவை?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரும். தங்கச்சிக்கு ஒன்பது பிள்ளைகள்.”

அவர் மனைவியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, “பார்க்மோர் என்ர யன்னலுக்கு வெளியிலதான் இருக்கு, மாடுகள் மேயுது எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ,” என்றார்.

“எத்தனை மாடு எண்டு கேள்,” என்றார் மதாம். அரை மணித்தியாலம் மாட்டுக் கதைதான் ஓடியது.

வைக்கும்போது அவர் என்னிடம், “நீங்கள் அவவுக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“மேல்வீட்டில இருக்கிறன்,” என்றேன்.

அடுத்த கோடையில் அவரும் மனைவியும் வந்தார்கள். மதாமின் சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் பின்வளவில் கூடிவிட்டார்கள். பூட்டனின் தங்கையின் வழியில் வந்தவர்களும் இருந்தார்கள். என் கணவர், “சொந்தக்காரர் வருகினம், சும்மா இருக்கேலுமே?” என்று விடியவே எழும்பிக் கடலை வடை சுட்டார். அயர்லாந்துக்காரர் ஆறு வடை சாப்பிட்டார்.

அங்கும் இங்கும் ஓடி மொழிபெயர்த்து என் தொண்டை கட்டிவிட்டது. பின்னேரம் பார்த்தால், மதாம் அயர்லாந்துக்காரருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, சத்தமாகப் பிரெஞ்சில் கதைக்கிறார். அவர் தலையாட்டி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். உதவிக்குக் கிட்டப் போனேன்.

“நீ போய்ச் சாப்பிடு,” என்றார் மதாம். “எங்களுக்கு விளங்குது.”

நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் இருந்தேன்.