ஆறு பல்லும் ஒரு கல்யாணமும்

என் மேல்வரிசை வலப்பக்க முன்பல்லில் பாதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கருப்பட்டிக்குள் போய்விட்டது. பால் விடாத கட்டங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். நேரத்தைச் சரியாகச் சொல்லக் காரணம், அன்றே எழுதிவைத்ததுதான். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். வேலையும் அப்படிப்பட்டது. துறைமுகத்தில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகம். ஒரு எண் இடம் மாறினால் ஒரு கொள்கலன் மூன்று நாள் வெயிலில் நிற்கும்.

கைதவறி விழுந்த கருப்பட்டியையும் பல் துண்டையும் தரையில் குனிந்து தேடியபோது என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்.

"ஏளா, பல்லைத் தேடுதியா, கருப்பட்டியைத் தேடுதியா?"

பல் மருத்துவர் சின்னப் பெண். எங்கள் வீடு இருக்கும் முத்தையாபுரத்திலிருந்து பஸ் பிடித்து நான்கு முறை போனேன். நரம்பு வெளியே தெரிந்ததால் வேர் சிகிச்சை செய்து முடித்தார். "இந்தப் பல்லு இனிமே காஞ்ச குச்சி மாதிரி ஆன்ட்டி. கருத்துப்போகும், மறுபடி உடையும். மேல மூடணும்" என்றார். மூடுவதற்கு இரண்டு வழி. பல்லின் முன்பக்கத்தை மட்டும் லேசாகச் சீவி நகத்தின் கனத்துக்கு ஒரு பீங்கான் தகட்டை ஒட்டுவது வெனீர். பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சிறு முளையாக்கி அதன்மேல் முழுப் பல்லின் வடிவத்தில் உறை மாட்டுவது கிரவுன். நம் ஊரில் கேப் என்போம். பாதி உடைந்த பல்லுக்குக் கேப்தான் பொருத்தம் என்றும் அவரே சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஏழு வாரத்தில் என் மகனுக்குக் கல்யாணம். எனக்கு ஒரு நாத்தனாரும் உண்டு.

என் வீட்டுக்காரரின் தங்கை டவுனில் இருக்கிறாள். யார் வீட்டில் எதை மாற்றலாம் என்று பார்ப்பதற்கென்றே கண் படைத்தவள். என் வாயைப் பார்த்தவுடன் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"மைனி, மாப்பிள்ளைக்கு அம்மா நீங்க. வீடியோல மொத ஆளா நிக்கப்போறது நீங்கதான். ஒரு பல்லு வெள்ளை, மத்ததெல்லாம் மஞ்சள்னு நின்னா நல்லாவா இருக்கும்? வாயைத் தொறக்காம கும்பிட்டுட்டே நிப்பீங்களோ?"

"கல்யாணம் அவனுக்கு. என் பல்லை யாரு பாக்கப் போறா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க வேற எதைப் பாப்பாங்க?"

அடுத்த முறை அவளும் கூட வந்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்த கால் மணி நேரத்துக்குள் அவளும் மருத்துவரும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு பல் ஆறு பல் ஆனது. ஆறுக்கும் வெனீர். உடைந்த பல்லுக்குக் கேப்தான் பொருத்தம் என்று மருத்துவரே சொன்னது அந்தப் பேச்சில் எங்கோ போய்விட்டது. மருத்துவர் என்னைப் படம் எடுத்து, புதுப் பல்லோடு நான் எப்படி இருப்பேன் என்று திரையில் காட்டினார். செய்தி வாசிக்கும் யாரோ ஒரு பெண்ணின் பல்லை என் முகத்தில் ஒட்டியிருந்தது. என் கண் மட்டும் பழையபடி சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் வெனீர், வலப்பக்கம் கேப் என்று எழுதி, பதினொரு கேள்விகளோடு என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுவாரம் போனேன்.

"நல்லா இருக்கிற அஞ்சு பல்லையும் எவ்வளவு சீவுவீங்க?"

"அரை மில்லிமீட்டர் இருக்கும் ஆன்ட்டி. ரொம்பக் கம்மி."

"சீவினது திரும்ப வளருமா?"

"வளராது."

"பிடிக்கலைன்னா எடுத்திரலாமா?"

"எடுத்தா வேற ஒண்ணு ஒட்டணும். சீவின பல்லை அப்படியே விட முடியாது."

"எத்தனை வருஷத்துக்கு வரும்?"

"நல்லா பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம்."

எடை எழுத வேண்டிய கட்டத்தில் யாராவது 'ரொம்ப' என்று எழுதிக் கொண்டுவந்தால் எங்கள் அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை வாங்கவே மாட்டோம். இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரும் ஒன்று கேட்டார். "டாக்டர், அந்தப் பல்லை வச்சு இவ என்னெல்லாம் கடிக்கலாம்?"

"கெட்டியா எதையும் முன்பல்லால கடிக்காம இருக்கிறது நல்லது அங்கிள்."

"அப்ப பல்லு என்னத்துக்கு?"

"சிரிக்கிறதுக்கு."

தகடு கழன்று விழவும் கூடும் என்று என் வாய் வழியாகக் கேள்விப்பட்ட நாத்தனார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அப்ப ஆறுக்கும் கேப்பே மாட்டிருவோம் மைனி. கெட்டியா நிக்கும்" என்றாள். ஒரு குறையும் இல்லாத ஐந்து பல்லைச் சுற்றிலும் அரைத்து முளையாக்கிவிட்டு அதன்மேல் பல் மாதிரி ஒன்றை வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. ஐந்து சன்னல் நன்றாக இருக்கிற வீட்டை, ஆறாவது சன்னலுக்காக இடிக்கச் சொல்கிற கொத்தனாரை நான் பார்த்ததில்லை. இதை மருத்துவரிடம் சொன்னபோது அவரே பயந்துவிட்டார்.

அந்தப் பயத்தில்தான் அவர் ஒரு நடுவழி சொன்னார். எதையும் சீவ வேண்டாம். பல்லின் நிறத்தில் ஒரு பசையை ஆறு பல்லின் மேலும் அச்சு வைத்துப் பூசிவிடுவார். சில நாள் இருக்கும். வீட்டில் காட்டலாம், பழகிப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் பெயர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை பூசிக்கொண்டு வந்தேன்.

இனி எழுதுவது எனக்குப் பெருமை தருவதல்ல. சனிக்கிழமை அலுவலகத்தில் இரண்டு பேர் நான் இளைத்துவிட்டேனா என்று கேட்டார்கள். வாயிற்காவலர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அது முதல் தடவை. என் வீட்டுக்காரர், "யாரைப் பாக்க வந்திருக்கீங்க? வீட்ல அவ இல்லையே" என்றார். மதியத்துக்குள் கழிவறைக் கண்ணாடியில் ஐந்து முறை சிரித்துப் பார்த்திருந்தேன். நான்கு மணிக்கு மருத்துவருக்குப் போன் செய்தேன். ஆறுக்கும் வெனீரே போட்டுவிடலாம், திங்கட்கிழமை பத்து மணிக்குப் பல்லைச் சீவலாம் என்று நானே சொன்னேன். பதினொரு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்று மருமகளாக வரப்போகிறவளுக்கு முத்துமாலை எடுக்க நானும் வீட்டுக்காரரும் நாத்தனாரும் போனோம்.

இந்தக் கடலில் முத்துக் குளித்ததை நான் பார்த்ததில்லை. இப்போது கடைகளில் இருப்பதெல்லாம் எங்கெங்கிருந்தோ வருகிற வளர்ப்பு முத்து. ஆனாலும் முத்து வாங்கப் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கான தரச்சான்றுச் சீட்டைப் பார்ப்பதில்லை. முத்தை எடுத்து முன்பல்லில் தேய்ப்பார்கள். நல்ல முத்து நுண்மணல் போலக் கரகரக்கும். போலி கண்ணாடி மாதிரி வழுக்கும். எங்கள் குடும்பத்தில் இந்த வேலை என்னுடையது. ஆவணம் பார்க்கிறவள் என்பதால் என் பல்லும் துல்லியமாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

முதல் சரத்தைத் தேய்த்தேன். வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதையும் தேய்த்துவிட்டு மேசைமேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, மூணும் போலி."

கடைக்கார அண்ணாச்சி முதலில் சிரித்தார். "அக்கா, நம்மகிட்ட அப்படிச் சரக்கே கெடையாது."

"நான் சரக்கு பாக்குறதுக்குத்தான் சம்பளம் வாங்குதேன். என்கிட்ட இந்தக் கதை வேண்டாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கடையில் இருந்த மற்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படி, வாங்குகிறவர்கள் ஏமாளியாக இருப்பதால்தான் விற்கிறவர்களுக்குத் துணிச்சல் வருகிறது என்று ஒரு சிறு உரையும் ஆற்றினேன். ஒரு பெண் கையிலிருந்த தோட்டைத் திருப்பி வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி முதல் சரத்தை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் தேய்த்தார்.

"ஏளா, மணல் மாதிரில்லா இருக்கு."

நாத்தனார் பிடுங்கித் தேய்த்தாள். "ஆமா மைனி. கரகரங்குது."

அண்ணாச்சி அப்போதுதான் என் வாயை உற்றுப் பார்த்தார். "அக்கா, முத்து சிப்பிக்குள்ளேருந்து வந்துருக்கு. அது எனக்குத் தெரியும். இந்தப் பல்லு எங்கேருந்து வந்துருக்கு?"

தோட்டைத் திருப்பி வைத்த பெண்தான் முதலில் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படியே. முதலில் போலி என்று சொன்ன சரத்தையே வாங்கினோம்.

ஆட்டோவில் நாத்தனார் சமாதானம் சொன்னாள். "விடுங்க மைனி. கல்யாணத்துக்குப் பொறவு நீங்க தெனமும் முத்தா தேய்க்கப் போறீங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கடையில் நான் பேசிய தொனி காதிலேயே நின்றது. முந்தின நாள் நான்கு மணிக்கு மருத்துவரிடம் போனில் பேசியதும் அதே தொனியில்தான். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டு முத்தைத் திரும்ப முத்தாக்கிவிட முடிந்தது. சீவிய பல்லிடம் அது நடக்காது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் பேத்துருங்க. உடைஞ்ச பல்லுக்கு மட்டும் கேப். மத்த அஞ்சையும் தொட வேண்டாம்" என்றேன். மருத்துவர் வாதாடவில்லை. கொஞ்சம் நிம்மதி கூடத் தெரிந்தது. நிற மாதிரிகளை எடுத்துவந்தார்; சாவிக்கொத்து போல வரிசையாகப் பல் தொங்கும் ஒரு பட்டை. அவர் விரல் தானாக வெள்ளைப் பக்கம் போனது.

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

"ஆன்ட்டி, இது ரொம்ப மஞ்சள்."

"பக்கத்துப் பல்லும் அப்படித்தான இருக்கு."

சன்னலோரம் போய் வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கடைசிக்கு முந்தியது பொருந்தியது. பக்கத்துப் பல்லில் இருப்பது போலவே ஈறுக்கு அருகே ஒரு பழுப்புக் கோடு, ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, இரண்டையும் அளந்து எழுதச் சொன்னேன். "லேப்ல சிரிப்பாங்க ஆன்ட்டி. கறை கேட்டு யாரும் ஆர்டர் குடுத்ததில்ல" என்றார்.

சிரித்தார்களோ இல்லையோ, நம்பவில்லை. நான் தவறாகக் கேட்டிருப்பேன் என்று அவர்களே திருத்தி, உப்பளத்து உப்பு மாதிரி ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தார்கள். திருப்பி அனுப்பினேன். அது எனக்குப் பழகிய வேலை. இரண்டாவது, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு வந்தது. கோடும் புள்ளியும் சொன்ன இடத்தில் இருந்தன.

அன்று மாலையே நாத்தனார் வந்துவிட்டாள். என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பல்லின்மேல் விரலை வைத்தாள்.

"இதான? பாத்தாலே தெரியுது மைனி. ஒட்டவே இல்ல. பேசாம நான் சொன்ன மாதிரி ஆறையும் மாத்திருக்கலாம்."

அவள் விரல் வைத்தது இடப்பக்கத்துப் பல். ஏழு வயதில் எனக்கு முளைத்த, மருத்துவர் தொடாத சொந்தப் பல். காப்பி போடவா என்று கேட்டு எழுந்தேன்.