நைந்த துணியில் தையல்

"அந்தக் கொக்கியில மாட்டிட்டுப் போப்பா, நான் பாத்துக்கறேன்" என்கிறார் டெய்லரம்மா, மெஷினை விட்டு எழுந்திருக்காமலேயே. யார் வந்தாலும் இதே உபசாரம்தான். இடுப்பளவு எடுக்க வேண்டுமென்றால் டேப்பை நீட்டி, "நீயே சுத்திக் காட்டு" என்பார். தலைக்கனம் பிடித்த கிழவி என்று தெருவே பேசுகிறது. உண்மை வெளியே தெரிவதற்கு அந்தப் பெயரே தேவலை என்று இருந்துவிட்டார்.

எழுந்து நின்றால் அவருக்கு அடி இறங்குகிறது. கர்ப்பப்பை முட்டை அளவுக்கு வெளியே வந்து தொடையில் உரசுகிறது. இருமினால் துணி நனைகிறது. விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் பிரியும். இப்படியே வருடக்கணக்காக ஓட்டிவிட்டார். கணவர் கண்ணை மூடும்வரை அவருக்கும் தெரியாது. பெற்ற மகனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

மற்றபடி அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. ஜிப் மாற்ற வருகிறவரிடம், "ஜிப்ப ஏன் திட்டற, வயித்தத் திட்டு" என்பார். அதையும் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டேதான் சொல்வார். கேட்கிறவருக்குத்தான் பதறும்.

போன மாதம் ஒரு காலையில் சிறுநீர் அடியோடு நின்றுபோனது. வயிறு கல்லாக இறுகியது. கழிவறைக்குள்ளிருந்து மருமகளைக் கூப்பிட்டார். வந்து பார்த்த அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, வண்டி பிடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார்கள். அது தங்கவில்லை. "கர்ப்பப்பைய எடுத்துட்டு, தளர்ந்த இடத்த இழுத்துத் தைச்சுடலாம்மா" என்றார் டாக்டர், மகள் வயதுக்காரி.

தைப்பது என்று காதில் விழுந்ததும் டெய்லரம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "எந்தத் துணியில தைக்கப்போறீங்கன்னு பாத்தீங்களா? நைஞ்சுபோனது. ஊசி குத்தின இடத்துலயே கிழியும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "துணி தானா ஒட்டாதும்மா. சதை ஒட்டிக்கும், நூலும் கரைஞ்சுடும். மறுபடி இறங்கவே இறங்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறைய பேருக்கு நல்லா நிக்குது."

டெய்லரம்மாவின் காதில் ஏறியது நடுவில் வந்த அந்தச் சத்தியம் மட்டும்தான். வீடு வந்ததும் மருமகளிடம் சொன்னார்: "பழைய பேண்ட்டோட வர்றவங்ககிட்ட நானும் இதத்தான் சொல்றேன். தைக்கறேன், ஆனா பொறுப்பேத்துக்க மாட்டேன்னு."

அதன் பிறகு அவருக்கு மெஷினே எதிரியாகிவிட்டது. ஊசி துணியில் இறங்குவதைப் பார்க்க முடியவில்லை. பாதித் தையலில் காலை எடுத்துவிடுவார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகுமாமே என்பார். மயக்கத்திலேயே போய்விட்டால் என்ன செய்வது என்பார்.

"போனா எனக்கு நிம்மதிதான், கிளம்புங்க அத்தை" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். அவளுக்கும் பயம்தான்.

ஆபரேஷன் அன்று காலை அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நடைவழியின் இரண்டு பக்கமும் ஆட்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. எதற்காகப் போகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ? பச்சைப் போர்வையை மெல்ல மேலே இழுத்தார். கழுத்து மறைந்தது, வாய் மறைந்தது, கடைசியில் முகமே மறைந்துவிட்டது.

கூட வந்துகொண்டிருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அத்தை, என்ன பண்றீங்க!" என்று போர்வையைப் பிடுங்கிக் கழுத்துக்குக் கீழே தள்ளினாள்.

டெய்லரம்மா அந்தக் கையை விடவில்லை. இழுத்துத் தன் கண்களின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.